பூட்டிய செட்டிநாட்டு வீட்டில் கீசரைத் தொலைவிலிருந்து இயக்குவது: முழுமையான வழிகாட்டி

மார்கழி, தை மாதங்களில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்து வீடுகளுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் விடிவதற்கு முன்போ, இரவு வெகுநேரம் கழித்தோதான் வந்து சேருகிறார்கள். நம் பக்கத்துக் குளிர் உறைபனிக் குளிர் அல்ல. ஆனாலும் உயர்ந்த கூரையும் திறந்த முற்றமும் கொண்ட வீட்டில், மாடித் தொட்டியில் இரவெல்லாம் நின்ற தண்ணீரை, முதிய ஆச்சிகளும் ஐயாக்களும் பயணக் களைப்போடு அதிகாலையில் தலையில் ஊற்றிக்கொள்ளக் கூடாது. பிள்ளையார் நோன்புக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பொங்கலுக்கும் வீடு திறக்கப்படும் இந்த மாதங்களில், வண்டி புதுக்கோட்டையைத் தாண்டும்போதே வீட்டில் வெந்நீர் காயத் தொடங்கிவிட வேண்டும் என்று பலரும் விரும்புவது இதனால்தான்.

அதைச் செய்யலாம். ஆனால் ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும், கதவும் நிலையும் உத்திரமும் பர்மாத் தேக்கால் ஆன ஒரு வீட்டில், யாரும் இல்லாத நேரத்தில் 2,000 வாட் சூடேற்றியை இயக்குகிறோம் என்பதை ஒவ்வொரு படியிலும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியிலிருந்து நாம் அனுப்புவது உத்தரவு மட்டுமே. அந்த உத்தரவை ஏற்கலாமா, எப்போது நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யும் காவல் முழுவதும் வீட்டுக்குள்ளேயே, இணையத்தின் தயவு இல்லாமல் இயங்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரே கொள்கையை ஒட்டியவை. மின் இணைப்பு வேலைகளை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டே செய்யுங்கள். என்ன கேட்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

முதலில் போட வேண்டிய கணக்கு

கீசரின் உடலில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். கொள்ளளவு, வாட், வோல்டேஜ் மூன்றும் அதில் இருக்கும். 230 வோல்ட்டில் 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியரும், 3,000 வாட் கீசர் ஏறத்தாழ 13 ஆம்பியரும் இழுக்கும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். அதாவது 2,000 வாட் கீசருக்கு அரை மணி நேரம். அந்த 60 டிகிரி வெந்நீரைத் தண்ணீரோடு விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 58 லிட்டர் வரை கிடைக்கும். மூன்று பேர் வாளியில் குளிக்க அது போதும். பத்துப் பேர் ஒரே வண்டியில் வந்து இறங்குவதாக இருந்தால் ஒரு கீசரை முன்கூட்டிப் போட்டுவிடுவது மட்டும் உதவாது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், பின்னால் நாம் வைக்கப்போகும் நேர வரம்பு இதிலிருந்துதான் வருகிறது. வோல்டேஜ் சரியாக இருந்தால் அரை மணி நேரம். ஆனால் சூடேற்றியின் திறன் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். கிராமப்புறத்தில் மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால், 2,000 வாட் என்று எழுதியிருக்கும் கீசர் ஏறத்தாழ 1,225 வாட்தான் தரும். அதே தண்ணீர் காய 50 நிமிடம் ஆகும். ஆகவே உங்கள் வீட்டு வோல்டேஜ் காலை நான்கு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் எவ்வளவு நிற்கிறது என்பதை ஓரிரு நாள் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: வயரையும் எர்த்தையும் சரிபார்த்தல்

பழைய வீடுகளில் மரச்சட்டத்துக்குள் ஓடும் வயரிங் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்ட அந்த வயரிலிருந்து கீசருக்குக் கிளை எடுப்பது எந்த நிலையிலும் கூடாது. கீசருக்கு, வீட்டு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டியிலிருந்து தனி லைன் வர வேண்டும்: 2,000 வாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 3,000 வாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர். அந்த லைனுக்கென்று, மின்னோட்டம் மிகுந்தால் தானாக இறங்கும் தனி எம்.சி.பி.யும், அதற்கு மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும். குளிக்கிற தண்ணீரில் கசியும் மின்சாரத்தை எம்.சி.பி. கண்டுபிடிக்காது, ஆர்.சி.சி.பி.தான் கண்டுபிடிக்கும். அது இல்லாத வீட்டில் இந்த வழிகாட்டியின் மற்ற படிகளைத் தொடங்கவே வேண்டாம்.

சுவரை வெட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பளிங்குபோல் மின்னும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சை ஒருமுறை உளியால் கொத்திவிட்டால், சிமென்ட்டால் அடைத்த தழும்பு எப்போதும் தெரியும். பழைய பூச்சுவேலை தெரிந்த கொத்தனார் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. முகப்பிலிருந்தும், முற்றத்தைச் சுற்றிய வளவிலிருந்தும் வயரைக் கொண்டுபோகாமல், பின்கட்டின் வெளிச்சுவர் ஓரமாகப் பி.வி.சி. குழாயில் மேலோடியாகவே கொண்டுபோகச் சொல்லுங்கள். பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தினாலும் அதை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம்.

எர்த் குழியை நேரில் போய்ப் பாருங்கள். செம்மண்ணும் செம்புறாங்கல்லும் உள்ள இந்தப் பூமி கோடையில் வறண்டுவிடும். மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் எர்த்தின் தடை ஏறும். பூட்டிய வீட்டில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. பல வீடுகளில் குழியிலிருந்து வரும் கம்பி துருப்பிடித்து, கையால் தொட்டாலே கழன்று வரும் நிலையில் இருக்கிறது. எர்த் தடையை அதற்குரிய மீட்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். டெஸ்ட் லாம்ப் எரிவதை மட்டும் காட்டி எர்த் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஏற்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையைக் கருதி, திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குக் கடத்திவிடும் ஒரு சர்ஜ் அரெஸ்டரையும் டி.பி. பெட்டியில் சேர்த்துவிடுவது நல்லது. அதுவும் நல்ல எர்த் இருந்தால்தான் வேலை செய்யும்.

இரண்டாம் படி: கான்டாக்டர்

கடையில் 16 ஆம்பியர் என்று எழுதிய வைஃபை ஸ்மார்ட் பிளக் கிடைக்கிறது. அதைச் செருகி, கீசரை அதில் மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடுமே என்று தோன்றும். ஆள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் 2,000 வாட் கீசருக்கு அது போதும். பூட்டிய வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குள் இருக்கும் சிறிய ரிலே, அதாவது மின்சாரத்தாலேயே இயங்கும் ஸ்விட்ச், தொடர்ந்து பெரிய மின்னோட்டத்தைச் சுமந்து சூடாகிச் சூடாகி, ஒருநாள் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். அப்போது செயலியில் ‘ஆஃப்’ என்று காட்டினாலும் கீசர் ஓடிக்கொண்டே இருக்கும். 3,000 வாட் கீசராக இருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

கான்டாக்டர் என்பது பெரிய மின்னோட்டத்தைச் சுமக்கவென்றே செய்த ரிலே; அதற்குள் இருக்கும் காயில் என்ற கம்பிச்சுருளுக்கு மின்சாரம் போனால் முனைகள் சேரும், நின்றால் பிரியும். ஆகவே ஸ்மார்ட் ஸ்விட்ச் அந்தக் காயிலை மட்டும் இயக்கட்டும். கீசரின் மின்னோட்டத்தைக் கான்டாக்டர் சுமக்கட்டும். 25 ஆம்பியர், இரண்டு போல், 230 வோல்ட் காயில், டி.பி. பெட்டிக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் (டின் ரெயில்) பொருத்தும் வகை என்று கேட்டு வாங்குங்கள். அந்த 25 ஆம்பியர் என்பது ஏ.சி.-1 வகைக்கு, அதாவது சூடேற்றி போன்ற சுமைக்குச் சொல்லப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு போல் இருந்தால் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே துண்டிக்கப்படும். பழைய வீட்டில் எங்கோ ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடந்தாலும் கீசருக்குள் மின்சாரம் அறவே இருக்காது.

கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் வழியில் மூன்று நிலை கொண்ட ஒரு செலக்டர் ஸ்விட்ச் வைக்கச் சொல்லுங்கள்: தொலைவு, நிறுத்தம், கையால். வீட்டில் ஆள் இருக்கும் நாட்களில் ‘கையால்’. குழாய் வேலையோ, கீசர் பழுதோ பார்க்கும்போது ‘நிறுத்தம்’. அந்த நிலையில் சிங்கப்பூரிலிருந்து யார் பொத்தானை அழுத்தினாலும் கீசர் இயங்காது. ஸ்பேனரோடு ஏணியில் நிற்கும் பிளம்பருக்கு இது உயிர்க் காப்பு. ஆனாலும் அவர் வேலையைத் தொடங்குமுன் எம்.சி.பி.யையும் இறக்கிவிட வேண்டும். பெட்டியின் மூடியில் ‘இந்தக் கீசர் வெளியூரிலிருந்து இயக்கப்படும். வேலை செய்யும் முன் எம்.சி.பி.யை இறக்கவும்’ என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

இங்கே தாழ்ந்த வோல்டேஜைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நகரத்து ஆலோசனைகளில் இது வருவதே இல்லை. கான்டாக்டரின் காயில், அதற்குரிய வோல்டேஜில் 85 முதல் 110 சதவீதத்துக்குள் உறுதியாகப் பிடித்து நிற்கும்படி செய்யப்பட்டது. 230 வோல்ட் காயிலுக்கு அந்தக் கீழ் எல்லை ஏறத்தாழ 195 வோல்ட். அதற்குக் கீழே போனால் அது முழுதாகப் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் ‘டரடர’வென்று அதிரும். அந்த அதிர்வின் ஒவ்வொரு துடிப்பிலும் முனைகளுக்கு இடையே தீப்பொறி பாயும். பெட்டியைத் திறந்தால் முனைகள் கறுத்து, பிளாஸ்டிக் உருகிய வாடை அடிக்கும். வீட்டில் ஆள் இருந்தால் ஓசை கேட்டே ஸ்விட்சை அணைத்துவிடுவார். பூட்டிய வீட்டில் கேட்க யாரும் இல்லை. இதற்குத் தீர்வு ஒரு வோல்டேஜ் காவல் ரிலே. வோல்டேஜ் 200-க்குக் கீழே இறங்கினாலோ, 260-க்கு மேல் ஏறினாலோ காயிலுக்குப் போகும் மின்சாரத்தையே அது நிறுத்திவிடும். வோல்டேஜ் சீரான பின் சில நிமிடம் பொறுத்தே மறுபடி அனுமதிக்கும். இந்த ரிலேயைக் கான்டாக்டர் காயிலோடு தொடராக இணைக்க வேண்டும். உங்கள் ஊரில் வோல்டேஜ் எப்போதுமே 195-க்குக் கீழேதான் என்றால், முதலில் மின்வாரிய அலுவலகத்தில் புகார் கொடுத்து அதைச் சரிசெய்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: தண்ணீர் இருக்கிறதா என்ற காவல்

தண்ணீர் இல்லாத கீசரை இயக்கினால் சூடேற்றும் கம்பி சில நிமிடங்களில் கெட்டுவிடும். கீசருக்குள், தண்ணீர் வேண்டிய அளவு காய்ந்ததும் அணைக்கும் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட்டும் இருக்கின்றன. ஆயினும் அவற்றையே முதல் காவலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

மாடித் தொட்டியில் ஒரு மட்ட உணரியைப் போடுங்கள். மோட்டாரைத் தானாக நிறுத்தப் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் வாட்டர் லெவல் கன்ட்ரோலரே போதும்; தொட்டிக்குள் குறைந்த வோல்டேஜ் மட்டுமே போகும் வகையாக அது இருக்க வேண்டும். அதன் ‘தண்ணீர் குறைவு’ ரிலேயையும் கான்டாக்டர் காயிலோடு தொடராக இணைத்தால், தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது கீசர் இயங்கவே இயங்காது. இதைச் செயலியில் ஒரு விதியாக எழுதி வைத்தாலும் முடியும் என்று சிலர் சொல்வார்கள். அந்த விதி தொலைவில் உள்ள ஏதோ ஒரு சர்வரில் ஓடும்; வயரில் செய்த காவல் உங்கள் வீட்டில் இருக்கும். வயரையே நம்புங்கள்.

தொட்டி நிறைந்திருக்கிறது என்பதாலேயே கீசர் நிறைந்திருக்கிறது என்று ஆகிவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். நீண்ட நாள் பூட்டும்போது கீசரின் தண்ணீரை வடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வடித்த கீசரை ஒருபோதும் தொலைவிலிருந்து முதன்முறை போடக் கூடாது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வந்து, வால்வைத் திறந்து, குளியலறையின் வெந்நீர்க் குழாயில் காற்று ‘புஸ்’ஸென்று போய் முடிந்து தண்ணீர் சீராக ஒழுகுவதைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகே செலக்டரைத் ‘தொலைவு’ நிலைக்குத் திருப்ப வேண்டும்.

நான்காம் படி: இணையம் எட்டுதல்

செட்டிநாட்டு வீட்டின் நீளம் இங்கே தடையாக வரும். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீட்டில், முன்பக்கத்துப் பட்டாலையில் வைத்த ரவுட்டரின் வைஃபை, தடித்த சுவர்களைத் தாண்டிப் பின்கட்டுக் குளியலறை வரை போகாது. ரவுட்டரை நடுவில், முற்றத்தை ஒட்டி வைத்தால் திறந்தவெளி வழியே அலை ஓரளவு பரவும். அதுவும் போதாவிட்டால் பின்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே வைஃபை தரும் ஓர் ஆக்ஸஸ் பாயின்ட் வைப்பதே நிலையான வழி. வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்கள், மின்சாரம் போய் வரும்போது சில சமயம் இணைப்பை மறந்துவிடும்.

ஸ்மார்ட் ஸ்விட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரவுட்டர் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் ஒளிபரப்பினால் இணைக்கும்போது சிக்கல் வரலாம்; 2.4-க்குத் தனிப் பெயர் வைத்து அதில் சேருங்கள். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். போதும். கீசரை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாறவிடாதீர்கள்.

ஃபைபர் வராத கிராமத்தில் சிம் போட்டு இயங்கும் கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. வயல் மோட்டாருக்கு விற்பவையும் அந்த வகையே. அவற்றில் பழையவை 2ஜி-யில் மட்டும் பேசும். ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லை என்பதால், அந்தச் சிம் அவற்றில் வேலை செய்யாது. 4ஜி என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிம்மின் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்; யாரும் கையில் வைத்திராத அந்தச் சிம்மின் கெடு முடிந்தது வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் பலருக்குத் தெரிகிறது.

வெளியிலிருந்து வீட்டுக் கருவியை எட்ட ரவுட்டரில் போர்ட் (வெளி இணையத்துக்கான வாசல்) திறப்பது வேண்டாம். நம் நாட்டு இணைப்புகளில் பலவற்றில் வீட்டுக்குத் தனி ஐ.பி. முகவரி கிடைப்பதில்லை என்பதால் அது பெரும்பாலும் வேலையும் செய்யாது. வேலை செய்தால் ஊரார் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்தது போலாகும். கருவியை விற்ற நிறுவனத்தின் செயலியே பெரும்பாலோருக்குப் போதும். தொழில்நுட்பத்தில் கைப்பழக்கம் உள்ளவர்கள் வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளை ஒரு சிறு கணினியில் நிறுவி, டெய்ல்ஸ்கேல் போன்ற தனிவழி இணைப்பில் எட்டலாம். கருவி வீட்டுக்குள்ளேயே கட்டளையை ஏற்கும் வகையாக இருந்தால், அதை விற்ற நிறுவனம் தன் சர்வரை மூடிவிட்டாலும் அது தொடர்ந்து இயங்கும்.

ஐந்தாம் படி: அமைப்புகள்

ஸ்விட்சைச் செயலியில் சேர்த்தவுடன், வேறெதையும் தொடுவதற்கு முன் இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள்.

முதலாவது, மின்சாரம் போய்த் திரும்பும்போது ஸ்விட்ச் எந்த நிலையில் எழ வேண்டும் என்பது. ‘ஆன்’, ‘பழைய நிலை’, ‘ஆஃப்’ என்று மூன்று தேர்வுகள் இருக்கும். ‘ஆஃப்’ மட்டுமே சரி. இல்லாவிட்டால், நீங்கள் போட்டுவிட்டு மின்சாரம் போனது தெரியாமல் பயணத்தையே ரத்து செய்திருக்க, நள்ளிரவில் மின்சாரம் வந்து கீசர் தானாக எழுந்துகொள்ளும்.

இரண்டாவது, தானாக அணையும் நேரம். செயலியில் டைமர் என்ற பெயரில் இருப்பது பல நேரங்களில் சர்வரிலிருந்து கட்டளை அனுப்புவது. இடையில் இணையம் அறுந்தால் அந்தக் கட்டளை வந்து சேராது. ‘இன்ச்சிங்’ அல்லது ‘ஆட்டோ ஆஃப்’ என்று அழைக்கப்படுவது கருவிக்குள்ளேயே எண்ணுவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. முதலில் போட்ட கணக்கின்படி, அரை மணியில் காயும் கீசருக்கு, தாழ்ந்த வோல்டேஜையும் கருதி 60 நிமிடம் என்று வையுங்கள். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள்: நேரத்தை இரண்டு நிமிடமாக வைத்து, ஸ்விட்சைப் போட்டு, உடனே ரவுட்டரை அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் கான்டாக்டர் ‘டக்’கென்று விடும் ஓசை கேட்டால் அந்தக் கருவியை நம்பலாம். கேட்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாட் எண்ணைப் படித்தல்

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது கீசர் லைனில் மாட்டும் மின் அளவி. வயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் சி.டி. வளையம் உள்ள வைஃபை மீட்டரைக் கான்டாக்டருக்குப் பிறகு, கீசர் பக்கமாகப் பொருத்துங்கள். ஸ்மார்ட் ஸ்விட்சிலேயே இருக்கும் மீட்டர் இங்கே உதவாது. அது காயில் குடிக்கும் சில வாட்டை மட்டுமே காட்டும்.

செயலியின் ‘ஆன்’ என்ற எழுத்து, உத்தரவு போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே சொல்லும். வாட் எண்தான் கீசர் உண்மையில் என்ன செய்கிறது என்று சொல்லும். போட்டவுடன் 2,000-ஐ ஒட்டிய எண் வந்து, அரை மணி கழித்துத் தானாகப் பூஜ்யத்துக்கு இறங்கினால் தண்ணீர் காய்ந்து தெர்மோஸ்டாட் துண்டித்துவிட்டது என்று பொருள், வெந்நீர் தயார். தொடக்கத்திலிருந்தே பூஜ்யம் என்றால் எம்.சி.பி. இறங்கியிருக்கலாம், தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கலாம், வோல்டேஜ் ரிலே தடுத்திருக்கலாம், கட்-அவுட் விழுந்திருக்கலாம், அல்லது யாரோ செலக்டரை நிறுத்தத்தில் வைத்திருக்கலாம். திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தாமல், வீட்டைப் பார்த்துக்கொள்பவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண் 1,200, 1,300 என்று நின்றால் வோல்டேஜ் தாழ்ந்திருக்கிறது. வோல்டேஜ் ரிலே இருந்தும் இந்த எண் வருகிறது என்றால் அந்த ரிலேயின் எல்லை சரியாக வைக்கப்படவில்லை என்று பொருள். முக்கால் மணி நேரம் ஆகியும் எண் குறையாமல் 2,000-லேயே நின்றால் அது தெர்மோஸ்டாட் பழுதாக இருக்கலாம், அல்லது எங்கோ வெந்நீர்க் குழாய் திறந்து ஓடிக்கொண்டிருக்கலாம். அணைத்துவிட்டு, நேரில் பார்க்காமல் மறுபடி போடாதீர்கள். ஸ்விட்ச் ‘ஆஃப்’ என்று காட்டும்போதும் வாட் எண் இருந்தால் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டது. அந்த நிலைக்கென்று செயலியில் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் அமைத்து வையுங்கள். வந்தால் உடனே ஆளை அனுப்பி எம்.சி.பி.யை இறக்கச் சொல்லுங்கள்.

யார் இயக்கலாம் என்பது

வீடு பங்காளிகள் பலருக்கும் பொதுவானது. கணக்கைத் திறக்கும்போது எலக்ட்ரீஷியன் தன் கைப்பேசி எண்ணிலேயே பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பின்னால் அவர் கைப்பேசியை மாற்றினால் வீடே கைவிட்டுப் போகும். குடும்பத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அதில் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்து, அதில் பதிவு செய்யுங்கள். இயக்கும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும் இருந்தால் போதும். ஒருவர் வெளியூரில் இருப்பவர், இன்னொருவர் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். மற்றவர்கள் “அண்ணே, நாளைக்கு நாலரைக்கு வந்து சேருவோம்” என்று அவரிடம் சொல்லிவிடட்டும். அவரிடம் சொல்லாமல் கீசரைப் போடக் கூடாது என்பதைக் குடும்பத்தின் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அப்போது அந்தக் குளியலறையைக் கழுவிக்கொண்டிருக்கலாம்.

நாட்பட்டு நின்ற தண்ணீர்

மாதக் கணக்கில் கீசரிலும் குழாயிலும் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரக்கூடும். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பு அதற்கு ஏற்றது. நம் ஊரில் பூட்டிய கீசர் ஆண்டு முழுவதும் அந்த வெப்பத்திலேயே இருக்கிறது. அந்தக் கிருமி கலந்த நுண்ணிய நீர்த்துளியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் காய்ச்சல் வரும். முதியவர்களுக்கு அது ஆபத்தானது. ஆகவே நீண்ட நாள் கழித்துத் திறக்கும்போது முதல் நாளே தொட்டியைக் கழுவி, பழைய தண்ணீரை முழுவதும் வெளியேற்றி, தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்து ஒருமுறை முழுதாகக் காய்ச்சி, அந்த வெந்நீரைக் குளியலறைக் குழாய்கள் வழியே ஓடவிட வேண்டும். ஷவரைத் தவிர்த்து வாளியில் பிடித்தால் துளிகள் தெறிப்பது குறையும். 60 டிகிரி தண்ணீர் தோலைச் சுட்டுவிடும் என்பதால் விளாவாமல் குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உறவினர்கள் தங்கள் கார் நிறுத்தும் கராஜில் உள்ள ஹீட்டருக்கும் இதையே செய்யலாமா என்று கேட்பதுண்டு. கொள்கை ஒன்றுதான், ஆனால் அங்கே வழி இன்னும் எளிது. எரிவாயுவில் இயங்கும் கராஜ் ஹீட்டர்கள் பொதுவாக 24 வோல்ட் தெர்மோஸ்டாட் வயரால் கட்டுப்படுத்தப்படுகின்றன. அந்த இடத்தில் ஒரு வைஃபை தெர்மோஸ்டாட்டை வைத்தாலே போதும், பெரிய மின்னோட்டத்தைத் தொட வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் வீட்டில் எது தவறினாலும் கீசர் அணைந்து கிடப்பதே பாதுகாப்பு. அங்கே கராஜ் வழியே தண்ணீர்க் குழாய் போனால், அணைந்து கிடப்பதே குழாய் உறைந்து வெடிக்கக் காரணமாகலாம். எனவே அங்கே, உறைநிலைக்குச் சில டிகிரி மேலேயே தானாக இயங்கும் குறைந்தபட்ச வெப்பத்தைத் தெர்மோஸ்டாட்டுக்குள் வைத்துவிட வேண்டும். கையில் தூக்கி வைக்கும் சிறிய ஹீட்டரை ஸ்மார்ட் பிளக்கில் செருகி ஆளில்லாமல் ஓட்டுவது எந்த நாட்டிலும் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியவை

காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பெயர் உண்டு. ஆனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அப்படி அல்ல. உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் சூடேற்றும் கம்பியின் மேல் சுண்ணாம்பு படிந்து, கம்பி அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடும். வாட் எண் முழுதாக இருந்தும் தெர்மோஸ்டாட் துண்டிக்க வழக்கத்தைவிட நேரம் ஆகிறது என்றாலும் கீசரைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போதே, தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ளும் ஆனோடு தண்டு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து மாற்றச் சொல்லுங்கள். பிரஷர் வால்வின் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்ட வால்வுள்ள கீசரைத் தொலைவிலிருந்து இயக்கவே கூடாது.

ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கான்டாக்டரிலும் எம்.சி.பி.யிலும் உள்ள திருகுகளை, மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக முறுக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் திருகைச் சுற்றியுள்ள வயரின் உறை பழுப்பேறியோ மொறமொறத்தோ இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. அந்த நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி இணைக்க வேண்டும். கார்த்திகை முடிவதற்குள், அதாவது நோன்புக்கு ஆட்கள் கிளம்பும் முன்பே, ரவுட்டரை அணைத்துச் செய்யும் அந்த இரண்டு நிமிடச் சோதனையையும், தொட்டியின் மட்ட உணரியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிக் கான்டாக்டர் விடுகிறதா என்ற சோதனையையும், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அருகில் நிற்க, வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டே செய்துவிடுங்கள்.